லினக்சில் அதிகாரப்பூர்வப் பொதிகளும் வெளியார் பொதிகளும்

லினக்சு இயங்குதளம் ஒன்றை வெளியிடுவோரே தொகுத்து, கையொப்பமிட்டு, தம் களஞ்சியத்தில் வழங்கும் மென்பொருள்கள் அதிகாரப்பூர்வப் பொதிகள் எனப்படும். பிற நிறுவனங்களோ தனியாரோ தருபவை வெளியார் பொதிகள். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன் இடம்பெற்ற பாஸ் லினக்சு, டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. ஆகவே இக்கேள்வி பல மாணவர்களுக்குப் புதியதன்று.

டெபியனின் நிலையான வெளியீட்டில் லிப்ரே ஆபீசு போன்றவற்றின் பதிப்பு எண் பழையதாகத் தெரியும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் அந்தப் பதிப்பிலேயே சேர்க்கப்படுகின்றன. எண்ணைப் பார்த்துப் 'பழசு' என ஒதுக்குவது தவறு.

வெளியிலிருந்து இறக்கிய டெப் கோப்பை நிறுவும்போது அதிலுள்ள நிறுவல் நிரல்கள் ரூட் அதிகாரத்துடன் இயங்கும். தீய நோக்குடையது எனில் கணினி முழுவதும் அதன் கையில். கூகுள் குரோம் பொதி தன் களஞ்சியத்தையும் சேர்த்துவிடுவதால் பிந்தைய திருத்தங்கள் வந்துசேரும். களஞ்சியமற்ற தனிக் கோப்போ நிறுவிய நாளின் ஓட்டைகளோடு அப்படியே கிடக்கும்.

பிளாட்பேக், சிநாப் வகைகள் தமக்கு வேண்டிய நூலகங்களைத் தனியே கொண்டுவருவதால் மற்றவற்றோடு மோதுவதில்லை. வட்டில் இடம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும். அங்காடியில் இருப்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. 2018 மே மாதத்தில் சிநாப் அங்காடியின் விளையாட்டுப் பொதி ஒன்றில் மறையீட்டு நாணயம் தோண்டும் நிரல் ஒளிந்திருந்தது கண்டறியப்பட்டது.

அன்றாடப் பயன்பாட்டுக்குக் களஞ்சியமே போதும். புதிய வசதி உண்மையிலேயே தேவையெனில், மென்பொருளை எழுதியவர்களே வெளியிடும் பொதியைத் தேடலாம். உபுண்டுக்கான களஞ்சியத்தை டெபியனிலோ பாசிலோ சேர்த்தால் நூலகப் பதிப்புகள் மோதி, அடுத்த இற்றைப்படுத்தலே நின்றுபோகக்கூடும்.