ஓர் எழுத்துக்கு இரண்டு எண்கள்

மாணவர்களே, உங்களிடம் ஒரு ரிங்கிட் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். ரூமி எழுத்துகளோடு ஜாவி எழுத்துகளும் அதில் அச்சாகியிருக்கும். ரூமி பரவுவதற்கு முன், பல நூற்றாண்டுகளாக மலாய் மொழி ஜாவியில்தான் எழுதப்பட்டது. 1939இல் தொடங்கிய 'உத்துசான் மெலாயு' நாளிதழும் ஜாவியில்தான் வெளிவந்தது.

ஜாவி, அரபு எழுத்திலிருந்து பிறந்தது. ஆனால், மலாய்க்குத் தேவையான சில ஒலிகளுக்கு அரபியில் எழுத்து இல்லை. என்ன செய்தார்கள்? இருக்கும் எழுத்தின்மேல் புள்ளி வைத்தார்கள். 'ஐன்' எழுத்துக்கு மூன்று புள்ளி வைத்தால் 'ங'. 'காஃப்' எழுத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் 'நெகாரா' என்ற சொல்லில் வரும் 'கா'. இப்படி ஆறு எழுத்துகள் உருவாயின.

பேனாவுக்குப் புள்ளி வைப்பது எளிது. கணினிக்கு? அதற்கு எழுத்தின் வடிவம் தெரியாது, எண்தான் தெரியும். உலக எழுத்துகளுக்கு எண் தரும் பொதுப் பட்டியலே யூனிகோட். அதில் தமிழ் 'அ'வின் எண் 2949.

ஜாவி 'கா'வுக்கு முதலில் பயன்பட்டது 1708ஆம் எண். ஆனால், அந்த எழுத்து சொல்லின் கடைசியில் வரும்போது அதன் வடிவம் ஜாவி வழக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. எனவே, 2005இல் 1890ஆம் எண்ணில் சரியான வடிவம் சேர்க்கப்பட்டது. இப்போது ஜாவிக்குப் பரிந்துரைக்கப்படுவது இதுதான். சொல்லின் நடுவில் வந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

சிக்கல் இங்குதான். ஒருவர் பழைய எண்ணில் 'நெகாரா' என்று தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். நீங்கள் புதிய எண்ணில் அதே சொல்லைத் தேடுகிறீர்கள். இரண்டும் வேறு என்று கருதும் மென்பொருள், "கிடைக்கவில்லை" என்று சொல்லிவிடும். கட்டுரை இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது! பழைய ஜாவி ஏடுகளைப் படம் பிடித்து வைத்தால் மட்டும் போதாது என்பதற்கும் இதுவே காரணம். படத்தில் உள்ள எழுத்துகள் எண்களாக மாறினால்தான் அவற்றுக்குள் தேட முடியும். அந்த எண்களும் ஒத்திருக்க வேண்டும்.

தமிழுக்கும் இந்தத் தொல்லை உண்டு. 'ஸ்ரீ' என்பதை இரண்டு விதமான எண் வரிசைகளில் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். தேடும்போதுதான் வேறுபாடு புரியும்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. இரண்டு எண்களையும் ஒரே எழுத்தாகக் கருதும்படி தேடும் மென்பொருளுக்குச் சொல்லித் தரலாம். அதற்கு நிரல் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு மொழியின் பழைய நினைவுகளை அடுத்த தலைமுறை தேடி எடுக்க முடியுமா என்பது, இவ்வளவு சின்ன வேலையையும் பொறுத்திருக்கிறது.

நாளை நிரலாக்கம் படிக்கப்போகும் மாணவர்களே, அந்த ரிங்கிட் நோட்டை இன்னொரு முறை பாருங்கள். அதிலுள்ள புள்ளிகளை எண்ண முடிகிறதா?