ஊர்ப்பெயரும் உழவர் உரிமையும்

நுழையும்முன்

ஓரிடத்தின் மண்ணும் மழையும் மக்களின் உழைப்பும் விளைபொருளின் சுவையில் கலந்துவிடுகின்றன. அச்சுவை புகழ்பெறும்போது ஊர்ப்பெயரே பொருளின் பெயராகிறது. அப்பெயரால் வரும் பயன் யாருக்கு உரியது? எத்தியோப்பியாவின் மலைக்காப்பி இவ்வினாவை உலகின்முன் வைத்தது.

மலைநிலமும் பயிரும்

அராபிகா காப்பிச்செடியின் தாயகம் எத்தியோப்பியா. அந்நாட்டின் தென்பகுதியில் கெடியோ மலைச்சரிவுகளில் அமைந்துள்ளது யிர்கச்செஃப். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 முதல் 2,200 மீட்டர் உயரத்தில் இங்குக் காப்பி விளைகிறது. நெடுமரங்கள் நிழல்தர, வாழையை ஒத்த என்செட் என்னும் உணவுப்பயிரும் அதனடியில் காப்பியும் வளர்கின்றன. கெடியோ மக்கள் பேணிவரும் இந்நிலப்பரப்பை யுனெஸ்கோ 2023ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

உயரமும் சுவையும்

உயரம் மிகுந்தால் வெப்பம் குறையும். குளிர்ந்த சூழலில் காப்பிப்பழம் மெல்லக் கனிவதால் விதை அடர்த்தி பெறுகிறது. சுவைக்கும் மணத்திற்கும் அடிப்படையான சேர்மங்கள் நன்கு திரள்கின்றன. செங்கனிகளைத் தேர்ந்து பறித்துத் தோலை நீக்குவர். விதைமேல் ஒட்டிய வழுவழுப்பு நீங்கத் தொட்டியில் நொதிக்கவைத்துக் கழுவுவர். பின்னர், தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பரண்களில் உலர்த்தி, பழுதானவற்றைக் கையால் பொறுக்கிக் களைவர். மல்லிகையை நினைவூட்டும் மணமும் எலுமிச்சையின் மென்புளிப்பும் இக்காப்பியின் தனித்தன்மைகள். சுவைத்தேர்வில் நூற்றுக்கு 80 புள்ளிகளுக்குக் குறையாமல் பெறும் காப்பியே ‘சிறப்புக் காப்பி’ எனப்படுகிறது.

பெயருக்கு ஓர் உரிமை

அயல்நாடுகளில் இக்காப்பி உயர்விலைக்கு விற்றபோதும் விளைவித்தோர் பெற்ற பங்கு மிகச் சிறிது. எனவே எத்தியோப்பிய அரசு 2005இல் ஹரார், சிடாமோ, யிர்கச்செஃப் ஆகிய பெயர்களை வணிகக்குறிகளாகப் பதிவுசெய்ய அமெரிக்காவில் விண்ணப்பித்தது. புவிசார் குறியீடு பெறுவதற்கு, சிதறிக்கிடக்கும் எண்ணற்ற சிறுநிலங்களின் விளைச்சலைத் தொடர்ந்து கண்காணிக்கவேண்டும். அது அரிது என்பதால் அரசு இவ்வழியைத் தேர்ந்தது.

அமெரிக்கக் காப்பி வணிகர் சங்கம் இம்முயற்சியை எதிர்த்தது. எனினும் 2007இல் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் அப்பெயர்களின்மீது எத்தியோப்பியாவுக்குள்ள உரிமையை ஏற்று உடன்பாடு செய்துகொண்டது. பெயரைப் பயன்படுத்துவதற்குக் கட்டணம் பெறுவது எத்தியோப்பியாவின் நோக்கமன்று. பெயரின் மதிப்பை உயர்த்தி, பேரம் பேசும் வலிமையைப் பெறுவதே அதன் நோக்கம்.

பெயரின் உரிமை நாட்டிற்குக் கிடைத்துள்ளது. அதன் பயன் பழம் பறிக்கும் கைகளுக்கு நியாயவிலையாகச் சென்று சேரும்போதுதான் அவ்வுரிமை முழுமை பெறும்.