கஞ்சாவை விடப் பெரிய தவறு, அதை மறைப்பது

எஸ்எஃப்-86 என்பது நூறு பக்கங்களைத் தாண்டும் ஒரு படிவம். அமெரிக்க அரசின் ரகசியங்களைக் கையாளும் வேலைக்குப் போகிறவர்கள் பாதுகாப்பு அனுமதிக்காக அதை நிரப்ப வேண்டும். குடியிருந்த வீடுகள், பார்த்த வேலைகள், வெளிநாட்டு உறவுகள் என எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, 23-வது பிரிவில் கேட்கிறது: கடந்த 7 ஆண்டுகளில் சட்டவிரோதப் போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா?

கல்லூரி விடுதியில் இரண்டு மூன்று முறை கஞ்சா இழுத்துப் பார்த்தவருக்கு இந்த இடத்தில் கை நின்றுவிடும். ‘இல்லை’ என்று குறித்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றும். வினையே அங்கேதான் தொடங்குகிறது.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 2012-ல் கொலராடோ, வாஷிங்டன் மாநில வாக்காளர்கள் கஞ்சாவுக்கு அனுமதி தந்தார்கள். பிறகு பல மாநிலங்கள் அதே வழியில் போயின. ஆனால் 1970-ல் வந்த மத்திய சட்டத்தின் தடை அப்படியே இருந்தது. மாநிலம் அனுமதித்திருந்தாலும் மத்திய சட்டப்படியே பதில் சொல்ல வேண்டும் என்று படிவமே சொல்கிறது. ஆகவே, கடையில் ரசீதோடு வாங்கித் தின்ற கஞ்சா மிட்டாயும் கணக்கில் சேரும்.

அதற்காக வாசல் மூடிவிடுவதில்லை. தேசிய உளவுத்துறை இயக்குநராக இருந்த அவ்ரில் ஹெய்ன்ஸ் 2021 டிசம்பரில் அனுப்பிய வழிகாட்டுதல் இதைத் தெளிவாக்கியது: பழைய கஞ்சாப் பழக்கம் கவனிக்கப்படும், ஆனால் அது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது. எப்போது, எத்தனை முறை, எந்த வயதில், நிறுத்தி எவ்வளவு காலமாயிற்று என்று ஆளையே முழுதாக எடைபோடுகிறார்கள். இனித் தொடமாட்டேன், தொட்டால் அனுமதியை ரத்து செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பதும் சாதகமாகப் பார்க்கப்படும். இன்னும் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் அனுமதி தரச் சட்டமே தடை போடுகிறது. அனுமதி கையில் இருந்தபோது பயன்படுத்தியிருந்தால் 7 ஆண்டுக் கணக்கும் கிடையாது. எந்தக் காலத்தில் நடந்திருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

மறைத்தவர் நிலை வேறு. விசாரணை அதிகாரி பழைய அறைத்தோழரையும் அண்டை வீட்டாரையும் தேடிப்போய்ப் பேசுவார். சில அமைப்புகளில் பொய் கண்டறியும் சோதனையும் உண்டு. மாட்டிக்கொண்டால் கஞ்சா பின்னுக்குப் போய்விடும், ‘இவரை நம்பலாமா?’ என்பதே கேள்வியாகிவிடும். தெரிந்தே பொய் எழுதுவது 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். உண்மையாகச் சொன்ன பதிலைக் குற்ற வழக்கில் சாட்சியமாக்க மாட்டோம் என்று 23-வது பிரிவிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இந்த ஒரு வரியைப் பலர் படிக்காமலே பயப்படுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அமெரிக்காவில் உள்ள நம் குடும்பங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதுகாப்பு அனுமதி பொதுவாக அமெரிக்கக் குடிமக்களுக்கே. கிரீன் கார்டில் இருப்பவருக்குக் கஞ்சா வேறு விதமான ஆபத்து: மாநிலம் அனுமதித்திருந்தாலும் அது குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தடையாகலாம் என்று குடிவரவுத் துறை 2019 ஏப்ரலில் அறிவித்தது. அதைப் பற்றி வாய் திறக்குமுன் அவர் வழக்கறிஞரைப் பார்க்கட்டும்.

படிவத்தை நிரப்பப்போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பழசை அப்படியே எழுதட்டும். கையெழுத்துப் போடும் நாளுக்குக் காத்திராமல் இன்றே நிறுத்தட்டும்.