கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்த அம்மாள்

1956-ஆம் வருஷம். அமெரிக்காவில் தென் கரோலினா மாகாணத்துச் சார்ல்ஸ்டன் நகரத்தில், ஐம்பத்தெட்டு வயதான ஓர் ஆசிரியை உட்கார்ந்து கடிதங்களில் கையெழுத்திட்டுக் கொண்டிருந்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, 726 கடிதங்கள்! அத்தனையும் அவரைப் போன்ற கறுப்பின ஆசிரியர்களுக்கு.

விஷயம் இதுதான். கறுப்பு மக்களின் உரிமைக்காகப் பாடுபட்டு வந்த என்.ஏ.ஏ.சி.பி. என்ற சங்கத்தில் சர்க்கார் ஊழியர் யாரும் அங்கத்தினராக இருக்கக் கூடாது என்று மாகாணத்தில் சட்டம் போட்டுவிட்டார்கள். அதை எல்லோருமாகச் சேர்ந்து எதிர்ப்போம் என்று அந்த அம்மாள் எழுதினார். பதில் போட்டவர்கள் இருபத்தாறு பேர். பள்ளி அதிகாரியை நேரில் பார்க்கச் சம்மதித்தவர்கள் பதினொருவர். போக வேண்டிய நாளில் வந்து சேர்ந்தவர்களோ ஐந்தே பேர்!

மற்றவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. மாதச் சம்பளத்தை நம்பிக் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். ஆனால் இந்த அம்மாள் சங்கத்தை விட மாட்டேன் என்றார். வேலை போயிற்று. நாற்பது வருஷ உத்தியோகத்தின் பென்ஷனும் அதோடு போயிற்று.

அவர் பெயர் செப்டிமா கிளார்க்.

உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் கிறிஸ்துமஸ் சமயத்தில் உச்சி இலைகள் குங்குமமாகச் சிவந்து நிற்கும் பாயின்செட்டியாச் செடியைப் பார்த்திருப்பீர்கள். மெக்ஸிகோவிலிருந்து அதை அமெரிக்காவுக்குக் கொண்டு வந்த ஜோயல் பாயின்செட் என்ற பிரமுகரின் பெயர் அந்தச் செடிக்கு வாய்த்தது. அதே பெயர் செப்டிமாவின் தகப்பனாருக்கும் வாய்த்தது. அவர் அந்தப் பிரமுகரின் பண்ணையில் அடிமையாகப் பிறந்தவர்! பண்ணை வீட்டுப் பிள்ளைகளின் புத்தகங்களைப் பள்ளிக்கூடம் வரை கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, அவர்கள் படித்து முடித்து வரும் வரை வெளியே காத்திருப்பது சிறு வயதில் அவருக்கு வேலை. தாயார் ஊரார் துணிகளை வெளுத்துக் கொடுத்துக் காசு சேர்த்தாள். ஆனால் பிறர் வீட்டில் போய்க் கைகட்டி வேலை செய்ய மட்டும் அவள் ஒப்பவில்லை. மகளுக்கு அந்த ரோஷம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

1898-ல் பிறந்த செப்டிமா பதினெட்டாவது வயதில் ஆசிரியை ஆனார். சொந்த ஊரில் நகரப் பள்ளிகள் கறுப்பு ஆசிரியர்களுக்கு வேலை கொடுக்காததால், ஜான்ஸ் தீவு என்ற பக்கத்துத் தீவுக்குப் படகேறிப் போனார். அங்கே இரண்டே ஆசிரியைகள். பிள்ளைகள் 132 பேர். தலைமையாசிரியைப் பொறுப்பும் சேர்த்து அவருக்கு மாதம் 35 டாலர். சாலைக்கு எதிர்ப்புறம் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். அங்கே பிள்ளைகள் மூன்று பேர். ஆசிரியைக்கு மாதம் 85 டாலர்! கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவருக்கு இந்தக் கணக்குப் புரியாமலா போகும்?

இல்லறம் நீடிக்கவில்லை. கப்பல் வேலைக்காரரான கணவர் 1925-ல் காலமானார். முதல் பெண் குழந்தை ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. மிஞ்சிய ஒரே மகனைக் கணவரின் பெற்றோரிடம் வளர விட்டுவிட்டு, அம்மாள் ஊர் ஊராகப் பாடம் சொல்லிக் கொடுத்தார். நடுநடுவே தாமும் படித்து, 1946-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார்.

வேலை போனபோது அவர் சார்ந்த பெண்கள் சங்கத்தார் நிதி திரட்ட ஒரு விருந்து நடத்தினார்கள். பணம் கொடுத்தார்கள், பாராட்டினார்கள். ஆனால் அவர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஒருத்தியும் முன்வரவில்லை. படம் வெளியே தெரிந்தால் தங்கள் வேலைக்கும் ஆபத்து வருமே!

டென்னஸி மாகாணத்து மலைப் பிரதேசத்தில் ஹைலாண்டர் என்ற பயிற்சிப் பள்ளி இருந்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேஜையில் சாப்பிட்ட இடம். அங்கே அவருக்கு வேலை கிடைத்தது. பஸ்ஸில் இடம் விட மறுத்து உலகப் புகழ் பெற்ற ரோசா பார்க்ஸ், அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1955 கோடையில், இதே பள்ளியில் செப்டிமா நடத்திய வகுப்பில் இருந்தவர்தான்.

ஜான்ஸ் தீவிலிருந்து கூலி ஜனங்களை நகரத்துக்கு ஏற்றிச் செல்லும் பஸ் ஒன்றை ஈசா ஜென்கின்ஸ் என்பவர் ஓட்டி வந்தார். வோட்டர் பட்டியலில் பெயர் சேர வேண்டுமானால் அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியை அதிகாரி முன் வாசித்துக் காட்ட வேண்டும். அந்தப் பகுதிகளை ஜென்கின்ஸ் பஸ்ஸிலேயே சொல்லிக் கொடுப்பார். ஆலிஸ் ஒயின் என்ற பெண் அதைக் காதால் கேட்டே நெட்டுருப் போட்டுவிட்டாள். ஆனாலும், நிஜமாகவே வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அந்த ஆசையிலிருந்து பிறந்தது, 1957 ஜனவரியில், ஒரு பள்ளிக்கூடம். முன்புறம் மளிகைக் கடை, பின்புறம் வகுப்பு. கடையைப் பார்க்கிற வெள்ளைக்காரர்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதல்லவா? ஆசிரியை யார் தெரியுமா? செப்டிமாவின் உறவுக்காரப் பெண் பெர்னிஸ் ராபின்ஸன். தலைமுடி அலங்காரம் செய்வதும் தையலும் அவர் தொழில். ஆசிரியப் பயிற்சி கிடையாது. ஆனால் அவரிடம் வருகிறவர்கள் எல்லோரும் கறுப்புப் பெண்கள். வேலையை விட்டுத் துரத்த மேலே வெள்ளை முதலாளி இல்லை. வந்து சேர்ந்த பெரியவர்கள் பதினான்கு பேர்.

என்ன படிக்க ஆசை என்று முதலில் அவர்களையே கேட்டார்கள். தன் பெயரை எழுத வேண்டும். மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும். பத்திரிகை வாசிக்க வேண்டும். பைபிள் வாசிக்க வேண்டும். அதுவே பாடத் திட்டம் ஆயிற்று. அட்டையில் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்து, அதன்மேல் திரும்பத் திரும்பக் கையை ஓட்டச் சொல்வார்கள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்கள் எழுத்தின் வளைவுக்கு வருகிற வரையில்! கரும்பலகை இல்லாத ஊர்களில் சலவைக் கடைக் காகிதப் பைகளைப் பிரித்து ஒட்டி எழுதினார்கள். கைநாட்டு வைத்துப் பழகியவள் முதல் முதலாகக் கையெழுத்துப் போடும்போது முகம் எப்படி இருக்கும் என்பதை, நம் ஊர் முதியோர் கல்வி வகுப்புகளை எட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஹைலாண்டரைச் சர்க்கார் சும்மா விடவில்லை. 1959-ல் போலீஸார் புகுந்து, விஸ்கி வைத்திருந்ததாகச் சொல்லி, மது தொடாத அந்த அம்மாளைக் கைது செய்தார்கள். வழக்கு நிற்கவில்லை. ஆனாலும் பள்ளியின் உரிமம் 1961-ல் பறிபோயிற்று. அதற்குள் எழுத்து வகுப்புகளை மார்ட்டின் லூதர் கிங்கின் ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது. 1957 முதல் 1970 வரை தென் மாகாணங்களில் 897 வகுப்புகள் நடந்தன.

கிங்கின் ஸ்தாபனத்தில் மட்டும் எல்லாம் சுகமா? நிர்வாகக் குழுவில் அம்மாள் எதற்கு என்று கேட்ட ஆண்கள் இருந்தார்கள். ஊர்வலங்களை நீங்களே முன்நின்று நடத்தாமல் அந்தந்த ஊர்க்காரர்களை நடத்த விடுங்கள் என்று அவர் கிங்குக்குக் கடிதம் எழுதினார். அதைக் கூட்டத்தில் வாசித்துவிட்டுச் சிரித்தார்களாம்! பெண்களின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாததே அந்த இயக்கத்தின் பெரிய குறை என்று அம்மாள் பிற்காலத்தில் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். ஆனால், 1964-ல் நோபல் பரிசு வாங்க ஆஸ்லோ போனபோது, அவரும் கூட வர வேண்டும் என்று சொன்னவரும் அதே கிங்தான்.

1970-ல் ஓய்வு பெற்றுச் சார்ல்ஸ்டனுக்குத் திரும்பினார். எழுபத்தைந்து வயதைக் கடந்த பிறகு, 1975-ல், அந்த வட்டாரத்துப் பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் தேர்தலில் நின்று ஜெயித்தார். அவரை வெளியே அனுப்பிய நிர்வாகத்தின் மேஜையில் அவருக்கே நாற்காலி! அடுத்த வருஷம், அவரை நீக்கியது அநீதி என்று மாகாண கவர்னர் ஒப்புக்கொண்டு பென்ஷனைத் திருப்பித் தரச் செய்தார். சம்பள பாக்கிக்காக இன்னும் சில வருஷங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1979-ல் ஜனாதிபதி கார்ட்டர் விருது கொடுத்துக் கௌரவித்தார்.

1987 டிசம்பர் 15-ல், எண்பத்தொன்பதாவது வயதில், முதல் வேலைக்குப் படகேறிப் போன அதே ஜான்ஸ் தீவில் செப்டிமா அம்மாள் காலமானார். அமெரிக்காவை மாற்றிய கறுப்புப் பெண்மணிகளின் படங்களைத் தொகுத்து பிரையன் லாங்கர் என்ற புகைப்படக்காரர் 1989-ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அதன் அட்டையில் இருப்பது இந்த அம்மாளின் பக்கவாட்டு முகம்.