மூச்சை எண்ணும் சிஸ்டர்கள்

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடியில் கிடந்த குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் குழாய் அது. கண் எரிய, தொண்டை அடைக்க, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு குப்பத்து மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஆட்டோ, பைக் என்று கிடைத்ததில் ஏறி ஊரைவிட்டு விலகினார்கள். 40 பேருக்கு மேல் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள்.

அன்று இரவு எல்லோரும் சுவாசித்தது ஒரே காற்றைத்தான். ஆனால் நிமிடத்துக்குப் பெரியவர் 12 முதல் 20 முறை மூச்சு விடும்போது, கைக்குழந்தை 30 முதல் 60 முறை விடுகிறது. எடைக்கு எடை கணக்குப் பார்த்தால், நச்சுக் காற்றில் குழந்தையின் பங்கு தாயின் பங்கைவிட அதிகம். பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலம்தான், ஜூஸ் கடை ஸ்ட்ரா அளவு. உட்சுவர் சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் காற்று போகும் வழி நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதே வீக்கம் பெரியவருக்கு வந்தால் இரண்டு இருமலோடு போய்விடும்.

குழந்தை செவிலியத்தின் முதல் பாடமே இதுதான்: குழந்தை என்பது பெரியவரின் சிறிய அளவு அல்ல. அதன் உடலின் கணக்கு வேறு.

வடசென்னையில் இந்தப் பாடத்தை யாரும் மறக்க முடியாது. 1960களில் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. பின்னாலேயே உர ஆலை, பெட்ரோ கெமிக்கல் ஆலைகள். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டாலும், வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூரும் நிலக்கரியை எரித்துக்கொண்டிருக்கின்றன. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் புகை கக்கியபடி வரிசையில் நிற்கின்றன. இத்தனைக்கும் நடுவில்தான் திருவொற்றியூரிலும் காசிமேட்டிலும் பிள்ளைகள் வளர்கிறார்கள். இங்கே ஒரு தாய் குழந்தையைத் தூக்கிவந்து "நேத்து நைட்லேர்ந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது சிஸ்டர்" என்று சொன்னால், அதைச் சாதாரணச் சளி என்று தட்டிக்கழிக்க எந்த அனுபவமுள்ள செவிலியரும் துணியமாட்டார்.

அவர் முதலில் ஸ்டெதஸ்கோப்பைத் தேடுவதில்லை. குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுகிறார். அழும் குழந்தையை எண்ணிப் பயனில்லை; அமைதியாக இருக்க வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவதும் சரிவராது, ஏனென்றால் பச்சிளம் குழந்தையின் மூச்சு சீராக ஓடுவதில்லை, வேகமாகும், நிற்கும், மறுபடி ஓடும். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியா என்று சந்தேகிக்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினால் நிலைமை இன்னும் மோசம்.

எக்ஸ்ரே இல்லாத இடத்தில் நிமோனியாவைக் கண்டுபிடிப்பது எப்படி என்று 1980களில் பப்புவா நியூ கினியில் பணியாற்றிய மருத்துவர் ஃபிராங்க் ஷான் தேடிய விடையிலிருந்து வளர்ந்த கணக்கு இது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி இதை இன்னும் எளிதாக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிகள்கூட எண்ணும்படி, மணிகள் கோத்த சட்டத்தையும் மணல் கடிகாரத்தையும் சேர்த்து ஒரு கருவி செய்து கொடுத்தார்கள். பிறந்த குழந்தையை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் முறைக்கும் அவர்களுடைய ஆய்வுதான் நாட்டுக்கே முன்மாதிரி.

வடசென்னைக்குத் திரும்புவோம். இங்கே ராயபுரம் பகுதிக்கு மருத்துவமனை புதிதல்ல. பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது ஸ்டான்லி மருத்துவமனை; பழைய ஆட்களுக்கு அது இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'. அதோடு இணைந்த பிரசவ மருத்துவமனை, ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரில் 1880இல் தொடங்கியது. முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை, 'ஆர்.எஸ்.ஆர்.எம்.' என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். வடசென்னையில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் முதல் மூச்சை விட்டது அங்கேதான்.

இப்படிப்பட்ட மருத்துவமனைகளின் பச்சிளம் குழந்தை வார்டில் நீல விளக்கின் கீழ், கண்ணைக் கட்டி, வெறும் உடம்போடு கிடக்கும் குழந்தையைப் பார்த்து மிரளாத பாட்டி கிடையாது. மஞ்சள் காமாலைக்கான ஒளிச் சிகிச்சை அது. அதைக் கண்டுபிடித்ததில் முதல் பங்கு ஒரு செவிலியருடையது என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் வார்டுக்கு, பிள்ளைகளை வெயில் நாளில் முற்றத்துக்குக் கொண்டுபோகும் பழக்கம் இருந்தது. 1956இல் ஒருநாள், மருத்துவர்கள் சுற்றிவரும்போது ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, ஒரு முக்கோணப் பகுதி மட்டும் நல்ல மஞ்சளாக இருந்தது. போர்வையின் நுனி மறைத்திருந்த இடம் அது. வெயில் பட்ட தோலில் மஞ்சள் வடிந்திருந்தது. அங்கே தொடங்கிய ஆராய்ச்சியின் முடிவை கிரீமர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1958இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள்.

இதைக் கேட்டதும், வாசலில் இளவெயிலில் காட்டினால் போதுமே என்று தோன்றலாம். போதாது. வெயிலுக்கு அளவு கிடையாது. குழந்தையின் உடல் சூடேறும், அல்லது குளிர்ந்துபோகும். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலும், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும் மருத்துவமனைதான் ஒரே வழி.

குறைந்த எடையில் பிறந்த குழந்தைக்கு இன்னொரு வைத்தியம் தாயின் நெஞ்சு. 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், 'கண்ணாடிப் பெட்டி' போதாத நெருக்கடியில், குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார்கள். இன்று உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. இந்தியா உள்ளிட்ட நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனேயே இப்படி அணைத்துவைத்ததால் குழந்தை இறப்பு 25 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது.

பிள்ளை கொஞ்சம் வளர்ந்து வீட்டுக்கு வந்த பிறகு, ஆபத்து மருந்துப் புட்டியில் காத்திருக்கிறது. காய்ச்சலுக்கான பாராசிட்டமால் கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்தாகவும், பெரிய பிள்ளைக்குச் சிரப்பாகவும் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் வழக்கமாக ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்குத்தான் ஏறத்தாழ 120. அவசரத்தில் சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றிக் கொடுத்தால், குழந்தையின் வயிற்றுக்குள் போவது நாலு பங்கு மருந்து. வீட்டு ஸ்பூன் அளவும் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. மருந்தின் அளவோ குழந்தையின் எடையைப் பொறுத்தது. அதனால்தான் வார்டில் எந்த மருந்துக்கும் முன்னால் தராசு வருகிறது. டிரிப்ஸ் செட்டும் குழந்தைக்குத் தனி: பெரியவர் செட்டில் சுமார் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி, குழந்தை செட்டில் 60 சொட்டு. திறந்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போவதற்கு அங்கே இடமில்லை.

பேசத் தெரியாத நோயாளியிடம் கேள்வி கேட்பதும் ஒரு வித்தை. "நேத்துலேர்ந்து எத்தினி வாட்டி ஒண்ணுக்குப் போச்சும்மா?" என்று சிஸ்டர் கேட்கும்போது பல தாய்மார்கள் விழிப்பார்கள். பேதியாகும் குழந்தையின் உடலில் நீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்பதற்கு, அந்தப் பதில் பல நேரம் ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் துப்புக் கொடுத்துவிடும்.

வலி விஷயத்தில் மருத்துவ உலகமே நெடுங்காலம் தவறிழைத்தது. பச்சிளம் குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்பி, 1980கள் வரைகூடப் போதுமான மயக்க மருந்து இல்லாமல் அறுவை சிகிச்சை செய்தார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தவர்களில் முன்னணியில் நின்றவர் இந்திய வம்சாவளி மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்த். ஆக்ஸ்போர்டில் அவர் செய்த ஆய்வு 1987இல் வெளிவந்தது. இன்று குழந்தையின் முகச் சுளிப்பு, கால் உதைப்பு, அழுகை ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு வலியை அளக்கிறார்கள் செவிலியர்கள்.

ஒரு விஷயத்தில் நம் அரசு மருத்துவமனைகள் சீமையை முந்திவிட்டன. இங்கிலாந்தில் 1950களில்கூடக் குழந்தை வார்டில் பெற்றோருக்குக் குறித்த நேரம் மட்டுமே அனுமதி. பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்கும்படி 1959இல் பிளாட் குழு அறிக்கை கேட்ட பிறகுதான் கதவுகள் மெல்லத் திறந்தன. இங்கோ கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கும் அம்மாவை யாரும் பெரிய சீர்திருத்தமாகப் பார்த்ததே இல்லை.

ஆனால் வளரிளம் பருவத்தினர் குழந்தை வார்டுக்கும் பெரியவர்கள் வார்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் 12 வயதோடு குழந்தை வார்டு முடிந்துவிடும். 13 வயதுப் பையன் பெரியவர்கள் வார்டில், மூச்சிரைக்கும் தாத்தாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடப்பான். அந்த வயதில் அம்மாவை வைத்துக்கொண்டு பிள்ளை வாயைத் திறக்காது. "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்று சொல்லத் தெரிந்த சிஸ்டரிடம்தான் மாதவிடாய் வலியும், பள்ளியில் நடக்கும் கொடுமையும், புகைப் பழக்கமும் வெளிவரும்.

2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூர் தனியார் பள்ளி ஒன்றில் ஏதோ வாயு பரவி, 30க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தொண்டை எரிச்சலும் மூச்சுத் திணறலும் வந்தன. நவம்பர் 4 அன்று பள்ளியைத் திறந்தபோது மறுபடியும் சிலர் மயங்கினார்கள். இப்படி ஒரு கூட்டம் வந்து இறங்கும்போது செவிலியரின் வேலை இரட்டிப்பாகிறது. உண்மையிலேயே ஆக்சிஜன் குறையும் பிள்ளை யார், தோழி மயங்கியதைப் பார்த்துப் பதறி மூச்சு வாங்கும் பிள்ளை யார் என்று சில நிமிடங்களில் பிரிக்க வேண்டும். பதறும் பிள்ளையை 'நடிக்கிறாள்' என்று ஒதுக்குவது பெரும் பிழை. அவளுக்கும் மூச்சு முட்டுவது நிஜம்தான்.

இவ்வளவுக்கும் ஆள் வேண்டும். கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அந்த விகிதத்தை அரசு வார்டில் கண்டவர் கையைத் தூக்கலாம். 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டுத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்ட ஒப்பந்தச் செவிலியர்கள் அன்று வாங்கிக்கொண்டிருந்த மாதச் சம்பளம் 7,700 ரூபாய். பிறகு தொகை கூடியது, பலர் நிரந்தரமானார்கள். கோரிக்கை முழுதாகத் தீரவில்லை. ஒரு குழந்தையின் மூச்சை எண்ண ஒரு நிமிடம் ஆகும். நாற்பது குழந்தைகளுக்கு நாற்பது நிமிடம். அந்த நேரத்தைச் செவிலியருக்குக் கொடுக்காமல் புதிய கட்டடத்தை மட்டும் திறந்துவைப்பது, ஆலைகள் சூழ்ந்த இந்தப் பகுதிக்குச் செய்யும் அநியாயம்.

வாசகர்களும் ஒன்று செய்யலாம். குழந்தைக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால், அது தூங்கும்போது சட்டையைத் தூக்கி, கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ணுங்கள். 60, 50, 40 கணக்கு நினைவிருக்கட்டும். எண் அதைத் தொட்டாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ விடியும்வரை பொறுக்காதீர்கள், 108ஐ அழையுங்கள். கிளம்பும்போது வீட்டில் கொடுத்த மருந்துப் புட்டிகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று சிஸ்டர் கேட்பார்.