திருவள்ளுவ மாலையும் ஆராய்ச்சிப் பிழைகளும்

திருவள்ளுவரையும் அவர்தம் நூலையும் போற்றும் பாடல்களின் தொகுதி திருவள்ளுவ மாலை. இதன்கண் உள்ள பாடல்கள் 55. அவற்றுள் இறுதி இரண்டும் குறள் வெண்பாக்கள். இம்மாலையைச் சான்றாகக் கொண்டு வள்ளுவர் காலத்தையும் நூற்பகுப்பையும் துணிவார் சிலர் உளர். அத்துணிவுகளிற் காணப்படும் பிழைகள் மூன்றனை ஈண்டு எடுத்துக்காட்டுதும்.

கபிலர், பரணர், நக்கீரர், மாமூலனார் முதலியோர் பெயரால் பாடல்கள் இருத்தலின், அவரெல்லாரும் வள்ளுவரோடு ஒருங்கிருந்து நூலைக் கேட்டுப் பாராட்டினர் என்பது முதற்பிழை. மாலையின் முதற்பாடல் அசரீரிக்கும், இரண்டாவது நாமகளுக்கும், மூன்றாவது இறையனார்க்கும் உரியனவாகக் குறிக்கப்பட்டுள்ளன. இம்மூன்றையும் புனைவென ஒதுக்கி, அடுத்து வரும் பெயர்களை மட்டும் வரலாறெனக் கொள்வார், அவ்வாறு பிரித்தற்குக் காரணம் காட்டுதல் வேண்டும். அவர் காட்டிலர்.

இதனினும் வலிய சான்று ஒன்று உண்டு. மாலையின் 22ஆம் பாடல் தொடித்தலை விழுத்தண்டினார் பெயரால் உள்ளது. இஃது அப்புலவரின் இயற்பெயர் அன்று. புறநானூற்று 243ஆம் பாட்டில், கழிந்த இளமையை நினைந்திரங்கும் முதியோர் ஒருவர் தாம் ஊன்றிய கோலைக் குறித்த தொடரே அவர்க்குப் பெயராயிற்று. இயற்பெயர் அறியப்படாதபோது பாட்டின் தொடரைப் பெயராக அமைத்தல் தொகைநூல்களிற் காணும் மரபு. எனவே, இப்பெயரை மாலையில் அமைத்தவர் தொகைநூல் வழக்கை அறிந்த பிற்காலத்தவர் என்பது போதரும். நற்றிணை முதலிய தொகைகளுக்குக் கடவுள் வாழ்த்துப் பாடிய பாரதம் பாடிய பெருந்தேவனாரும், அத்தொகைகளில் அடங்கிய கபிலரும் இம்மாலையில் ஒருங்கு இடம்பெறுதல் இக்கருத்தை அரண்செய்யும்.

பாடல்கள் பழையனவே; பெயர்கள் மட்டும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன எனின், அதனாலும் பயன் இல்லை. பெயர் பிற்பட்டதாயின், அப்பெயரைக் கொண்டு காலம் துணிதல் யாங்ஙனம்?

இரண்டாவது பிழை நூற்பகுப்புப் பற்றியது. மாலையில் கூறப்படும் பகுப்பு, உடனிருந்தார் கூற்றாதலின், வள்ளுவர் தாமே வகுத்தது என்பர் ஒருசாரார். முதற்பிழை நீங்கவே இதுவும் உடன் நீங்கும். மாலை பரிமேலழகர் பகுப்பையே கூறுகிறது என்பர் மற்றொரு சாரார். அதுவும் அற்றன்று. விழுத்தண்டினார் பெயரில் உள்ள பாடல் அறத்தை நான்கும், பொருளை ஏழும், காமத்தை மூன்றும் ஆக்குகிறது. பரிமேலழகரோ பொருட்பாலை அரசியல், அங்கவியல், ஒழிபியல் என மூன்றாகவும், காமத்துப்பாலைக் களவியல், கற்பியல் என இரண்டாகவும் கொண்டார். எண்ணிப் பார்த்த அளவிலேயே வேறுபாடு விளங்கும். ஆகவே, இது நூலாசிரியர் பகுப்பும் அன்று. பரிமேலழகர் பகுப்பும் அன்று. குறளைக் கற்றார் கைக்கொண்ட மற்றொரு பகுப்பாம்.

மூன்றாவது, மேற்கோள் மயக்கம். குறளின் செறிவைக் கூறும் இறுதிப் பாடல்கள் இரண்டனுள், கடுகை உவமையாகக் கொண்டது இடைக்காடர் பெயரிலும், அணுவை உவமையாகக் கொண்டது ஔவையார் பெயரிலும் உள்ளன. இவற்றை மாற்றி எழுதுதலும், இரண்டையும் ஔவையார்க்கே உரிமையாக்குதலும் பல கட்டுரைகளிற் காணப்படுகின்றன. மூலத்தை ஒருமுறை நோக்கின் இப்பிழை நேராது.

இவ்வாறு கூறியதனால் மாலை பயனற்றதெனத் தள்ளிவிடுதலும் முறையன்று. அதுவும் ஓர் ஆராய்ச்சிப் பிழையே. வள்ளுவர் காலத்தைத் துணிய மாலை சான்றாகாது. வள்ளுவரைப் பின்வந்தோர் எவ்வாறு போற்றினர், நூலை எவ்வாறு பகுத்துக் கற்றனர் என்பனவற்றிற்கு அது நற்சான்றாம். முன்னதற்கு வேண்டும் சான்று ஒரு புலவரின் சொந்த நூலினுள் அமைதல் வேண்டும். மணிமேகலையில் சாத்தனார் குறளை எடுத்தாண்டு அதன் ஆசிரியரைப் போற்றியிருத்தல் அத்தகையது. மாலையிலும் சாத்தனார் பெயரால் ஒரு பாடல் உண்டு. இவ்விரண்டையும் ஒரே தரத்துச் சான்றாக வைத்தெண்ணாமையே ஆராய்வார்க்கு முதற்கடன்.