மயில் விரட்டும் காற்றாடியும் தட்டையும்: ஓசை மங்காமல் பராமரிப்பது எப்படி?

இலத்தூர், ஆய்க்குடி, அச்சன்புதூர் பகுதிகளில் விதைப்பு முடிந்ததும் விவசாயிகள் கேட்கும் முதல் கேள்வி, "மயிலை என்ன செய்வது?" என்பதுதான். விதைத்த நிலக்கடலையைக் கிளறித் தின்பது, நாற்றங்காலை மிதிப்பது, தக்காளி, மிளகாயைக் கொத்துவது என்று மயில் செய்யும் சேதம் கொஞ்சமல்ல. மக்காச்சோளத்துக்குக் கிளி, பால் பிடித்த நெல்லுக்குச் சிட்டுக்குருவி போன்ற சிறு பறவைகள் என்று ஒவ்வொரு பயிருக்கும் ஒரு தொல்லை இருக்கிறது.

இதற்காகப் பலர் காற்றாடி, தகரம், மூங்கில் தட்டை, ஒளிரும் ரிப்பன் வைத்திருக்கிறார்கள். முதல் வாரம் நன்றாக வேலை செய்யும். பிறகு ஓசை மங்கிவிடும், அல்லது பறவைகள் பழகிவிடும். "இதெல்லாம் பயனில்லை" என்று அப்படியே விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் குறை கருவியில் இல்லை, பராமரிப்பில்தான் இருக்கிறது.

விஷம் வைக்கவே கூடாது

மயில் 1963-ல் நமது தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. விஷம் கலந்த தானியம் வைப்பது, கண்ணி வைப்பது, முட்டையை எடுப்பது எல்லாமே இச்சட்டப்படி வேட்டைதான். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அதோடு அபராதமும் உண்டு. கௌதாரி, காடையைக் குரல் கொடுத்து வரவழைத்துப் பிடிப்பதும் குற்றமே. விஷ தானியம் மயிலோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக் கோழியும் நாயும் அதில் சாகும். எனவே பறவையைக் கொல்லாமல் விரட்டுவது ஒன்றே நமக்குள்ள வழி.

ஓசையால் விரட்டும் முறை நமக்குப் புதிதல்ல. தினைப்புனத்தில் கிளி விரட்டத் தழல், தட்டை, குளிர் என்ற கருவிகளைப் பயன்படுத்தியதைக் குறிஞ்சிப்பாட்டு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

காற்றாடி

பழைய மேசை விசிறியின் இறக்கை, சைக்கிள் ஹப், எவர்சில்வர் தட்டு, தொங்கும் போல்ட்டு ஆகியவற்றை வைத்துச் செய்யும் காற்றாடி நம் பகுதிக்கு மிகவும் ஏற்றது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றே அதை ஓட்டிவிடும். மின்சாரச் செலவு இல்லை.

ஆனால் அதே காற்று சாரலையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. ஹப்புக்குள் ஈரமும் தூசியும் சேர்ந்தால் கிரீஸ் கெட்டியாகி, மெல்லிய காற்றுக்குச் சுற்றாமல் நின்றுவிடும். மயில் அதிகம் மேய்வது காலையிலும் மாலையிலும். பல நாள் காற்று குறைவாக இருப்பதும் அந்த நேரங்களில்தான். ஆகவே லேசான காற்றுக்கும் சுற்றும்படி வைத்திருப்பது முக்கியம்.

• மாதம் ஒருமுறை ஹப்பைக் கழற்றி, மண்ணெண்ணெய் அல்லது டீசலில் குண்டுகளைக் கழுவி, துடைத்து, புது கிரீஸ் வையுங்கள். பழைய கிரீஸ் மேலேயே புதிதைப் பூச வேண்டாம். உள்ளே இருக்கும் மணல் குண்டுகளைத் தேய்த்துவிடும்.
• தட்டை விளிம்பில் இறுக்கி முடுக்கினால் ஓசை செத்துவிடும். நடுவில் ஒரே துளை போட்டு, இருபுறமும் ரப்பர் வாஷர் வைத்துப் பொருத்துங்கள். போல்ட்டு தட்டின் ஓரத்தில் அடிக்க வேண்டும்.
• ஒரே இடத்தில் அடி விழுந்து தட்டு குழிந்தால் ஓசை மங்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தட்டைக் கால் சுற்று திருப்பி வையுங்கள்.
• இறக்கை வளைந்திருந்தால் நிமிர்த்துங்கள். ஒரு இறக்கை மட்டும் கனமாக இருந்தால் ஹப் சீக்கிரம் தேயும்.
• பின்பக்கம் ஒரு தகர வால் இருந்தால் காற்று திசை மாறினாலும் காற்றாடி தானே திரும்பிக்கொள்ளும்.

மூங்கில் தட்டை

பிளந்த மூங்கிலைக் கையால் அடித்து ஓசை எழுப்பும் தட்டைக்கு முற்றிய மூங்கிலே ஏற்றது. இளமூங்கிலில் ஈரம் அதிகம். வண்டு சீக்கிரம் துளைத்துவிடும். வெட்டிய மூங்கிலை இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு நிழலில் காயவைத்தால் வண்டுத் தொல்லை குறையும். கைப்பிடிப் பக்கக் கணுவை விட்டுவிட்டு மறுபுறம் மட்டும் பிளக்க வேண்டும். பிளவு கணுவைத் தாண்டிப் போகாதபடி அந்த இடத்தில் கட்டுக்கம்பியால் இறுகச் சுற்றுங்கள்.

இரு பிளவுகளும் மோதும் உட்பக்கத்தில் எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெயில் தூசி ஒட்டி ஓசை மங்கும். வேப்பெண்ணெயை வெளிப்பக்கம் மட்டும் தடவலாம். உட்பக்கம் அழுக்கேறினால் உப்புத்தாளால் தேய்த்து, வெயிலில் சிறிது நேரம் வையுங்கள். அமெரிக்காவில் காட்டு வான்கோழியை அழைக்கக் கல்பலகையில் குச்சியைத் தேய்த்துக் குரல் எழுப்புவார்கள். அவர்களும் அந்தக் கல்லை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெயும் ஈரமும் படாமல்தான் காக்கிறார்கள். அழைப்பதானாலும் விரட்டுவதானாலும், ஓசை எழும் பரப்பு சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். தட்டையை வரப்பில் போட்டுவிட்டு வராமல், வீட்டில் அடுப்புப் புகை படும் இடத்தில் செருகி வையுங்கள்.

ஒளிரும் ரிப்பன்

ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் வெள்ளி நிறமும் உள்ள ரிப்பனை மூன்று நான்கு முறுக்கு முறுக்கிக் கட்டினால் வெயிலில் மின்னும், காற்றில் ரீங்கரிக்கும். தொய்ந்துவிட்டால் ரீங்காரம் நின்றுவிடும். மிகவும் இறுக்கினால் பலத்த காற்றில் அறுந்துவிடும். பயிர் வளர வளர ரிப்பனையும் உயர்த்திக் கட்டுங்கள். இலையில் உரசினால் ஓசை வராது. அறுவடை முடிந்ததும் அவிழ்த்துச் சுருட்டிவிடுங்கள். வயலில் கிடந்தால் மாடு தின்றுவிடும்.

பறவை பழகாமல் இருக்க

நன்றாகப் பராமரித்த கருவிகூட ஒரே இடத்தில் இருந்தால் சில நாளில் பறவை பயப்படாது. அதனால்,

• ஆண்டு முழுவதும் கருவியை ஓடவிடாதீர்கள். விதைத்து முளைக்கும் வரையிலும், மணி பால் பிடித்தது முதல் அறுவடை வரையிலும் மட்டும் வையுங்கள்.
• மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இடத்தை மாற்றுங்கள்.
• ஒரு வாரம் காற்றாடி, மறு வாரம் ரிப்பன் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.
• காலையிலும் மாலையிலும் ஒருவர் தட்டையோடு வயலைச் சுற்றி வர வேண்டும். ஓசைக்குப் பின்னால் ஆள் வருவார் என்று பறவைக்குத் தெரிந்தால்தான் அந்தப் பயம் நிலைக்கும்.
• பக்கத்து வயல்காரர்களோடு பேசி முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் விரட்டினால் மயில் அடுத்த வயலுக்குப் போய்விட்டு, கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும்.
• இரவில் காற்றாடியைக் கட்டிவிடுங்கள். மயில் இரவில் மேய்வதில்லை. அக்கம்பக்கத்தாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

நாற்றங்கால், காய்கறி நாற்று போன்ற சிறிய பரப்புகளுக்கு ஓசையை மட்டும் நம்ப வேண்டாம். முளைத்து வேர் பிடிக்கும் வரை வலை போட்டு மூடுவதே உறுதியான பாதுகாப்பு. சேதம் அதிகமாக இருந்தால் புகைப்படம் எடுத்து, வனத்துறை அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

அடுத்த விதைப்புக்கு முன் ஒரு அரை நாள் ஒதுக்கி, காற்றாடியை இறக்கி ஹப்பைக் கழுவி வையுங்கள். விதை மண்ணில் விழும் அன்றே கருவி வயலில் நிற்க வேண்டும். மயில் ஒருமுறை ருசி கண்டுவிட்டால் விரட்டுவது இரட்டிப்பு வேலையாகிவிடும்.